பல்லின் கதை – 17: பச்சை பிடித்த உலோகம்

சென்ற வாரம் கதையை வாட்டர்லூ போர்க்களத்தில் நிறுத்தியிருந்தேன். 1815-இல் அங்கே விழுந்து கிடந்த இளம் சிப்பாய்களின் பற்கள் பிடுங்கப்பட்டு, கடல் கடந்து போய், வசதி படைத்தவர்களின் தந்தத் தட்டுகளில் பதிக்கப்பட்டதைப் பார்த்தோம். அதற்கு ஒரு தலைமுறை முன்பு லண்டனில் ஏழைப் பிள்ளைகளின் பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கி, ரத்தம் உலருமுன் சீமாட்டிகளின் ஈறில் செருகினார்கள். ஜான் ஹண்டர் என்ற பெரிய அறுவை மருத்துவரே மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்து, இது நடக்கும் என்று நம்பினார். நடக்கவில்லை. செருகிய பற்கள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ ஆடி விழுந்தன. பல்லோடு சேர்ந்து மேகநோயும் வாய் மாறியது.

இந்த அத்தியாயத்தை எழுத உட்காரும்போது எனக்கு என் பெரியம்மா ஞாபகமாகவே இருக்கிறது. ஐம்பது வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது. பல்செட் கட்டிக்கொண்டார். மேல்செட் பரவாயில்லை, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்செட் மட்டும் நாக்கு அசைந்தால் நகரும், பேசினால் எழும்பும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கீழ்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். சாப்பிடுவதற்காகக் கட்டிய பல்லைச் சாப்பிடும்போது கழற்ற வேண்டியிருந்தது. ரசத்தில் பிசைந்த சோறும் பாயசமும்தான் அவர் பந்தி. அப்பளம்கூட நொறுக்கிக் கலந்துதான். செட் சரியாகச் செய்யவில்லை என்று வீட்டில் எல்லாரும் பல் டாக்டரைக் குறை சொன்னோம். செய்தவர் மேல் தப்பில்லை என்பது எனக்கு இந்தத் தொடருக்காகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தாடையில் பல்லைத் தாங்குவதற்கென்றே எலும்பு ஒரு வரப்புபோல உயர்ந்து நிற்கிறது. பல் போனதும் அந்த வரப்புக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, கரைத்துவிடும். பல்லிழந்தவர்களின் தாடைகளை 25 ஆண்டுக்காலம் அளந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட கட்டுரை, கீழ்த்தாடையின் வரப்பு மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. செட் செய்த நாளில் இருந்த தாடை ஐந்து வருடம் கழித்து இருப்பதில்லை. பெரியம்மாவின் கீழ்செட் உட்கார இடம் தேடித்தான் அலைந்திருக்கிறது.

ஆகவே பல்லை ஈறின்மேல் வைப்பதை விட்டு, எலும்புக்குள் நட வேண்டும். நாற்று நடுகிற மாதிரி. நட்டால் மட்டும் போதாது. நட்ட நாற்று முதல் சில நாட்கள் வாடி, மஞ்சளித்து, பிறகு வேர் இறங்கிப் பச்சை பிடிக்க வேண்டும். பச்சை பிடிக்காத நாற்று தண்ணீரில் மிதந்துவிடும். எலும்பில் ஒரு அந்நியப் பொருளைப் பச்சை பிடிக்க வைக்க மனிதர்கள் பட்ட பாடுதான் இந்த வாரக் கதை.

ஹோண்டுராஸ் நாட்டில் 1931-இல் ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 600-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மாயா நாகரிகக் காலம். முன்பற்கள் இருக்க வேண்டிய மூன்று குழிகளில் பல் வடிவில் செதுக்கிய மூன்று சிப்பித் துண்டுகள் இருந்தன. இறந்த பிறகு சடங்குக்காகச் செருகியிருப்பார்கள் என்று பல ஆண்டுகள் நினைத்தார்கள். 1970-இல் பிரேசிலைச் சேர்ந்த அமடேயோ போபியோ அந்தத் தாடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு சிப்பிகளைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருந்தது. செத்த எலும்பு வளராது. உயிரோடு இருந்தபோதே அந்தச் சிப்பி வாயில் இருந்திருக்கிறது. வைத்தவர் யார், எத்தனை பேருக்கு வைத்துத் தோற்றபின் இது நின்றது என்பதெல்லாம் மண்ணோடு போய்விட்டது. ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போன அந்தத் தாடைத் துண்டு மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 1809-இல் மஜ்ஜோலோ என்பவர், பல் பிடுங்கிய குழியில் தங்கத் தண்டு ஒன்றை வைத்து, ஈறு ஆறியபின் அதன்மேல் பல் பொருத்தினார். 1913-இல் அமெரிக்காவின் கான்சஸில் கிரீன்ஃபீல்டு, இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் கூடை பின்னி எலும்புக்குள் இறக்கினார். 1938-இல் பாஸ்டனில் ஸ்ட்ராக், கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலப்பு உலோகத்தில் திருகாணி செய்தார். 1947-இல் இத்தாலியின் ஃபார்மிஜினி கம்பியைச் சுருளாக முறுக்கி நட்டார். 1960-களில் நியூயார்க்கின் லியனார்டு லின்கோ எலும்பில் பள்ளம் வெட்டி, தட்டையான உலோகத் தகட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். பல்லாயிரம் வாய்களில் லின்கோவின் தகடு ஏறியது. சில நன்றாகவே நின்றன. பெரும்பாலும் நடந்தது வேறு. உலோகத்தைச் சுற்றி எலும்பு வராமல் மெல்லிய நார்த் திசு படரும், பல் லேசாக ஆடும், ஆடினால் கிருமி இறங்கும், எலும்பு அரிக்கும்.

இதில் என்னைக் கவலைப்படுத்துவது, அந்த நார்த் திசுவை அக்கால நிபுணர்கள் பலர் நல்லதென்றே கருதியதுதான். இயற்கைப் பல்லும் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை, நுண்ணிய நார்களால் குழிக்குள் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. அப்படியானால் உலோகத்தைச் சுற்றிய நாரும் அந்த வேலையைச் செய்கிறது என்று சமாதானம் சொன்னார்கள். 1978-இல் ஹார்வர்டில் கூடிய அமெரிக்க நிபுணர் மாநாடு வகுத்த வெற்றிக்கான அளவுகோலைப் பாருங்கள். நட்டவற்றில் 75 சதவீதம் ஐந்து ஆண்டு பயன்பட்டால் வெற்றி. எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆடினால் பாதகமில்லை. தோல்வியையே நெடுநாள் பார்த்துப் பழகியவர்கள் எழுதிய அளவுகோல் இது.

இந்த மாநாடு கூடியபோது, ஸ்வீடனில் ஒருவரின் வாயில் ஆடாத பல் பதின்மூன்று ஆண்டுகளாக இருந்தது.

அங்கே போவதற்கு முன் உலோகத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், மனாக்கன் என்ற ஊர் ஓடைக் கரையில் கிடந்த கருப்பு மணலை அள்ளி ஆராய்ந்தார். காந்தத்தில் ஒட்டியது. இரும்போடு இன்னொரு பொருள் அதில் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து ஜெர்மானியர் கிளாப்ரோத் அதே பொருளை வேறொரு கனிமத்தில் கண்டு, டைட்டானியம் என்று பெயரிட்டார். அந்தக் கருப்பு மணலுக்கு இன்று இல்மனைட் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுங்கும் இடமெல்லாம் கோடு கோடாகப் படிந்து கிடக்கும் கருமணலில் அது இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் அங்கே பல பத்தாண்டுகளாக அதைப் பிரித்தெடுக்கிறது.

மணல் கிடைத்தாலும் உலோகம் எளிதில் கிடைக்கவில்லை. சூடேற்றினால் டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விழுங்கி உதிரும் பொருளாகிவிடும். லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் 1930-களின் இறுதியில் மெக்னீசியத்தைக் கொண்டு அதைப் பிரிக்கும் முறையைக் கண்டார். வணிக உற்பத்தி அமெரிக்காவில் 1948-இல்தான் தொடங்கியது. கிரீன்ஃபீல்டுக்கும் ஸ்ட்ராக்குக்கும் டைட்டானியம் தோன்றாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்: அவர்கள் காலத்தில் அது கடையில் இல்லை.

உலோகம் வந்ததும் உண்மை கண்ணில் படத் தொடங்கியது. 1940-இலேயே போத்தி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பூனைகளின் எலும்பில் பல உலோகங்களை வைத்துப் பார்த்து, டைட்டானியத்தோடு எலும்பு சேர்ந்துவிடும் போக்கைக் குறித்திருந்தார்கள். 1951-இல் லெவென்தால் எலிகளின் தொடை எலும்பில் டைட்டானியத் திருகாணிகளை முடுக்கினார். ஆறு வாரத்தில் கொஞ்சம் இறுகியிருந்தன. பன்னிரண்டு வாரத்தில் கழற்றுவது சிரமமானது. பதினாறு வாரத்தில், கழற்ற முயன்றபோது ஓர் எலும்பே முறிந்தது, திருகாணி வரவில்லை. அவர் அதை நேர்மையாக எழுதி வைத்தார். படித்தவர்கள் தாளைப் புரட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

1952. ஸ்வீடனின் தெற்கே லுண்ட் பல்கலைக்கழகம். பேர்-இங்வார் பிரோனெமார்க் என்ற 23 வயது இளைஞர் எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர் இல்லை. பல்லைப் பற்றிய எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. செத்த எலும்பை வெட்டிப் பார்ப்பதில் அவருக்கு நிறைவில்லை. உயிருள்ள முயலின் கால் எலும்பில் ஒரு சின்ன உலோகக் கூட்டைப் பதித்து, அதன் வழியே ஒளி பாய்ச்சி, மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்கள் ஓடுவதை நேரில் பார்த்தார். மாதக்கணக்கில் ஒரே எலும்பின் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. அங்கே இடுப்பு மூட்டுக்கான உலோகங்களைச் சோதித்துவந்த எலும்பு மருத்துவர் ஹான்ஸ் எம்னேயஸ், டைட்டானியத்தைப் போட்டுப் பார்க்கும்படி யோசனை சொன்னார்.

சோதனை முடிந்ததும் கூட்டைக் கழற்றி அடுத்த முயலுக்கு வைக்க வேண்டும். கடைந்து செய்வதற்குச் செலவு பிடிக்கிற பொருள். கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதன் திருகுச் சுற்றுகளுக்குள்ளேயே வளர்ந்து, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

லெவென்தால் பார்த்ததும் இதைத்தான். பிரோனெமார்க்கின் கண்ணுக்கு மட்டும் இது ஏன் வேறாகத் தெரிந்தது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். லெவென்தால் எலும்பு முறிவுக்கு நல்ல உலோகம் தேடினார், கிடைத்ததும் அவர் கேள்வி தீர்ந்தது. பிரோனெமார்க் உயிருள்ள எலும்பை மாதக்கணக்கில் கண்ணால் பார்த்துப் பழகியவர். கூட்டின் ஓரத்தில் வீக்கம் இல்லை, சீழ் இல்லை, ரத்த ஓட்டம் தடைபடவில்லை என்பது அவருக்குத் தெரியும். இறுக்கம் மட்டுமே தெரிந்திருந்தால் அது ஒரு தொல்லை. அந்த இறுக்கத்துக்குப் பின்னால் எலும்பு அமைதியாக இருக்கிறது என்பதும் தெரிந்ததால்தான் அதை அவர் விடவில்லை.

ஆனாலும் அவசரப்படவில்லை. 1960-இல் கோத்தன்பர்க்குக்கு மாறினார். மாணவர்கள் சிலர் தாமாக முன்வந்து தங்கள் மேற்கையில் டைட்டானியக் கூடு வைத்துக்கொண்டார்கள். மனித உடம்பும் அதை வெறுக்கவில்லை. நாய்களுக்குப் பல்லெடுத்து, ஆறவிட்டு, திருகாணி நட்டு, மறுபடி ஆறவிட்டு, அதன்மேல் பல்வரிசை பூட்டி ஆண்டுக்கணக்கில் கவனித்தார். முயலின் காலில் கூடு ஒட்டிக்கொண்டதற்கும் ஒரு மனித வாயில் முதல் திருகாணி இறங்கியதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்.

1965-இல் அவரிடம் வந்தவருக்கு 34 வயது. பிறவியிலேயே அண்ணம் பிளவுபட்டவர். தாடை சரியாக வளரவில்லை, கீழே பல்லே இல்லை. சரியாகத் தின்னவும் முடியாது, பேசவும் முடியாது. செட் உட்காரும் தாடையும் இல்லை. அவர் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகாணிகளை நட்டு, மேலே ஈறை மூடித் தைத்துவிட்டுக் காத்திருந்தார் பிரோனெமார்க். மாதங்கள் கழிந்தபின் ஈறைத் திறந்து, திருகாணியின்மேல் தண்டு பூட்டி, அதன்மேல் பல்வரிசை வைத்தார். அந்த மனிதர் 2006-இல் காலமாகும்வரை அவர் தாடையில் அந்தத் திருகாணிகள் நின்றன. நாற்பது ஆண்டுக்கு மேல்.

எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் தோல்விகள் நிறையவே இருந்தன, குறிப்பாக எலும்பு மென்மையான மேல்தாடையில். ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் தேடித்தான் முறை உருவானது. எலும்பைத் துளையிடும்போது சூடு ஏறினால் எலும்பின் உயிரணு செத்துவிடும். 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு கெடும் என்பதைப் பின்னாளில் அதே குழுவின் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல்களில் அளந்து காட்டினார்கள். குளிக்கக் காயவைக்கும் வெந்நீரைவிடச் சற்றே அதிகமான சூடு, அவ்வளவுதான். எனவே குளிர்ந்த உப்புநீரை ஊற்றிக்கொண்டே, மெல்லிய துளையில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்தித் துளையிட வேண்டும். திருகாணியைக் கை படாமல் எடுக்க வேண்டும். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் எந்தச் சுமையும் படாமல் ஈறுக்கடியில் விட்டுவைக்க வேண்டும். பச்சை பிடிக்கும் முன்னே வயலில் இறங்கி மிதிக்கக் கூடாது என்பது உழவர்களுக்குத் தெரிந்ததுதான். லின்கோ காலத்துத் தகடுகளில் பல நட்ட கையோடு கடிக்க விடப்பட்டன.

டைட்டானியத்துக்கு மட்டும் இந்தக் குணம் ஏன்? காற்றுப் பட்ட மறுகணமே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் ஒன்று படிகிறது. கீறினால் உடனே மறுபடி படிந்துகொள்ளும். உடம்புநீர் படுவதும் எலும்பின் உயிரணுக்கள் வந்து தொடுவதும் அந்தப் படலத்தைத்தான், அடியிலுள்ள உலோகத்தை அல்ல. அரிப்பு இல்லாததால் நஞ்சு கசிவதில்லை. எலும்புக்கு அது பகையாகத் தெரிவதில்லை.

ஸ்வீடனின் பல் மருத்துவ உலகம் பிரோனெமார்க்கை ஏற்க மறுத்தது. உடற்கூறு பேராசிரியருக்குப் பல்லில் என்ன வேலை என்றார்கள். ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டது. ஒரு கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்டில் பெயர் வரவழைத்துக்கொள்பவர்களைத் தாம் நம்புவதில்லை என்று சொல்லி உட்கார்ந்தார் என்றும், அந்தப் பேராசிரியர் ஒரு பல்குச்சிப் பெட்டிக்குச் சான்று கொடுத்திருந்ததைப் பிரோனெமார்க் அங்கேயே எடுத்துக்காட்டினார் என்றும் சொல்வார்கள். எதிர்ப்பாளர்களிடம் ஒரு நியாயமும் இருந்ததை மறைக்கக் கூடாது. அவர்கள் பார்த்து வளர்ந்த திருகாணிகளும் தகடுகளும் தாடைகளைக் கெடுத்திருந்தன. எலும்பு நேராக உலோகத்தைத் தொட்டு நிற்கிறது என்பதைக் கண்ணால் காட்டவும் வழி இல்லை. எலும்பை மெல்லிய சீவலாக வெட்டிப் பார்க்க முதலில் அதன் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும், உலோகத்தை உருவ வேண்டும். உருவினால் பார்க்க வேண்டிய இடமே கலைந்துவிடும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆந்த்ரே ஷ்ரோடர். உலோகத்தையும் எலும்பையும் சேர்த்தே சீவும் முறையை அவர் குழு பயன்படுத்தி, 1976-இல் படங்களை வெளியிட்டது. நடுவே நார் இல்லை. எலும்பு, அதை ஒட்டி டைட்டானியம். கோத்தன்பர்க்காரர்களுக்குத் தொடர்பில்லாமல் தனியே வந்த சாட்சி இது. அதே காலத்தில் ஸ்வீடன் அரசு நியமித்த பேராசிரியர்கள் மூவர் பிரோனெமார்க்கின் நோயாளிகளை நேரில் பரிசோதித்துச் சாதகமாக அறிக்கை தந்தார்கள். சிகிச்சை அரசுக் காப்பீட்டில் சேர்ந்தது. 1977-இல் பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, எலும்போடு இணைவதற்கு ஆஸியோஇன்டக்ரேஷன் என்று அவர் வைத்த பெயரும் பரவியது.

இனித் திருகாணிகளை ஆயிரக்கணக்கில், ஒன்றுபோலத் துல்லியமாகக் கடைய வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தின் பெயர் நம் வாசகர்களில் நாற்பது வயது தாண்டிய எவருக்கும் புதிதல்ல: போஃபர்ஸ். 1986-இல் இந்திய ராணுவத்துக்கு 410 பீரங்கிகள் விற்று, நம் அரசியலையே புரட்டிப்போட்ட அதே ஸ்வீடன் ஆயுத நிறுவனம். சென்னையின் 'தி இந்து' அந்த ஊழலின் ஆவணங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்ட நாட்களில், அதே நிறுவனம் தொடங்கிய நோபல்பார்மா என்ற கிளையிலிருந்து பல் திருகாணிகள் உலகெங்கும் போய்க்கொண்டிருந்தன. உலோகம் கடையும் கலை அவர்களுக்குக் கைவந்தது, அதனால் அவர்களைத் தேடிப் போனார்கள்.

1981-இல் ஆடெல், லெக்ஹோம், ராக்லர், பிரோனெமார்க் நால்வரும் பதினைந்து ஆண்டுக் கணக்கை வைத்தார்கள். 371 பேர், 2,768 திருகாணிகள். முறை நிலைபெற்ற பிறகு நட்டு, ஐந்து முதல் ஒன்பது ஆண்டு கவனித்தவற்றில் கீழ்த்தாடையில் 91 சதவீதமும் மேல்தாடையில் 81 சதவீதமும் அசையாமல் நின்றன. ஒரு மில்லிமீட்டர் ஆடலாம் என்ற சலுகை இந்தக் கணக்கில் இல்லை. 1982 மே மாதம் டொராண்டோவில், மால்டாவில் பிறந்த பேராசிரியர் ஜார்ஜ் ஸார்ப் வட அமெரிக்கப் பல் மருத்துவப் பேராசிரியர்களை அழைத்து இந்தத் தரவுகளை முன்வைத்தார். தம் பல்கலைக்கழகத்திலும் இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் அழைத்தார். அதன்பின் எதிர்ப்பு சில ஆண்டுகளில் அடங்கியது.

இன்று நம் ஊர்களிலும் 'இம்பிளான்ட்' என்ற பலகை இல்லாத பல் மருத்துவமனை அரிது. காத்திருப்பும் குறைந்திருக்கிறது. திருகாணியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியதால் எலும்பு விரைவாகப் பிடிக்கிறது. எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கு அன்றே தற்காலிகப் பல் பூட்டுவதும் உண்டு. தகுந்தவர்களுக்கு அது பலிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஈறுநோய் உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுதல் என்பதை அந்தப் பலகைகள் சொல்வதில்லை என்பதே என் வருத்தம். பச்சை பிடித்த திருகாணியையும் அழுக்கு சேர்ந்தால் கிருமி சுற்றிவளைத்து எலும்பை அரிக்கும். இயற்கைப் பல்லைத் துலக்குவதுபோலவே, சொல்லப்போனால் அதைவிடக் கவனமாக, அதையும் துலக்க வேண்டும். நட்டுக்கொள்ள வருபவர்கள் தங்கள் மருத்துவரிடம் இன்னும் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

பிரோனெமார்க் 2014 டிசம்பரில், 85-ஆம் வயதில் கோத்தன்பர்க்கில் காலமானார். அவர் திருகாணி அதற்குள் வாயைத் தாண்டிப் போயிருந்தது. 1977-இல் காது மருத்துவர் ஆண்டெர்ஸ் செல்ஸ்ட்ரோம் அதைக் காதுக்குப் பின்னுள்ள மண்டை எலும்பில் நட்டு, கேட்கும் கருவியைப் பூட்டினார். பிரோனெமார்க்கின் மகன் ரிக்கார்டு, காலிழந்தவர்களின் தொடை எலும்பில் செயற்கைக் காலைப் பூட்டும் வேலையில் இறங்கினார்.

பெரியம்மா 1994-இல் இறந்தார். அந்த ஆண்டு கோத்தன்பர்க்கின் முதல் நோயாளி தன் இருபத்தொன்பதாவது வருடத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். பெரியம்மாவின் கட்டில் பக்கத்து ஜன்னல் விளிம்பில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதற்குள் செட் இருந்தது. கீழ்செட் மேலிருந்ததைவிடப் புதிதாக, தேயாமல், பளிச்சென்று இருந்தது.

(தொடரும்)